பனிநாட்டுப் பயணமும் பக்கத்துவீட்டு நட்பும்

நாவலூரில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. காலை ஒன்பது மணிக்கே பழைய மாமல்லபுரம் சாலை அனலாய்க் கொதிக்கத் தொடங்கிவிடும். அத்தகைய ஞாயிறு ஒன்றில், மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து நின்றான். "சாமி, துருவத்திற்கு ஆராய்ச்சி செய்யப் போகவேண்டுமென்றால் என்னென்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?" என்று வினவினான்.

"நல்ல கம்பளிச் சட்டையாக நான்கு எடுத்துக்கொள் தம்பி" என்று வேடிக்கையாக விடை கூறி அனுப்பிவிட்டோம். ஆயினும் அன்று மாலையே அவ்விடை போதாதது என்று நமக்குத் தோன்றியது. துருவப் பயணங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அங்குச் சென்று திரும்பியவர்களைக் காத்தது கம்பளி மட்டுமன்று. அவர்கள் புறப்படும் முன்னரும், சென்ற பின்னரும் அவர்களைத் தாங்கிய மனிதர்களே என்பது விளங்கும். அச்சிறுவனுக்கு நாம் கடன்பட்டிருக்கும் முழு விடையே இக்கட்டுரை.

பள்ளிக்கரணையிலிருந்து வடகடல் வரை

துருவம் நமக்கு மிகத் தொலைவு என்று எண்ணுகிறோம். ஆனால் நாவலூரிலிருந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைக்குச் சென்றால், வேளச்சேரி - தாம்பரம் நெடுஞ்சாலையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைக் காணலாம். 1993-இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தின் பொறியாளர்கள் கடலுக்குள் நிறுத்திவைக்கும் ஆய்வுக் கருவிகளைச் செய்வதில் வல்லவர்கள். அருகேயுள்ள சதுப்பு நிலத்துக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வந்து தங்கும் உள்ளான் இனச் சிறு பறவைகளுள் சில, ஆர்க்டிக் வட்டாரத்திலேயே குஞ்சு பொரிப்பவை. அப்பறவைகள் வந்த திசை நோக்கி இங்கிருந்து ஒரு கருவியும் சென்றது.

வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில், நார்வே நாட்டின் ஆட்சிக்குட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நியூ ஆலசுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 2008 ஜூலையில் இந்தியா 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அவ்வூருக்கு எதிரேயுள்ள கோங்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கழியில், 2014 ஜூலையில், 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' என்னும் ஆய்வுக் கருவித் தொகுதி நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது. நீரின் வெப்பம், உவர்ப்பு, நீரோட்டம் முதலியவற்றை அது ஆண்டு முழுவதும் இடைவிடாது குறித்துவைக்கும். மனிதன் படகில் செல்ல அஞ்சும் இருண்ட குளிர்காலத்திலும் அதன் பணி நிற்பதில்லை. வடகடலில் நிகழும் மாறுதல்களுக்கும் நம் நாட்டுப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவதே இம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. மழை பொய்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் நமக்கு இதன் அருமை தெரியாததன்று.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. பள்ளிக்கரணை நிறுவனமும், கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையமும் இணைந்து செய்த அக்கருவியைக் கடலில் இறக்கிவைத்த கப்பல் நம்முடையதன்று. நார்வே துருவ ஆய்வுக் கழகத்தின் 'லான்ஸ்' என்னும் கப்பலே அவ்வுதவியைச் செய்தது. கடலின் குணமறிந்த உள்ளூர் நண்பர் இல்லாவிடில், எத்துணைச் சிறந்த கருவியும் கரையிலேயே கிடக்கவேண்டியதுதான்.

அவ்வூரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீடுகளின் வாயிற்கதவுகளைப் பூட்டாமல் வைத்திருப்பார்கள். வெண்கரடி துரத்தினால், அருகிலுள்ள எந்தக் கதவையும் திறந்து எவரும் உள்ளே புகுந்துகொள்ளலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பூட்டாத கதவே அங்கு உயிர்க்காப்பு!

கோவாவிலிருந்து ஒரு தொடக்கம்

தென்துருவத்தை நோக்கி இந்தியா மேற்கொண்ட முதற்பயணமும் நண்பர்களின் கைகொண்டே நடந்தது. 1981 டிசம்பர் 6-ஆம் நாள், கடல் உயிரியல் அறிஞர் டாக்டர் எஸ். இசட். காசிம் அவர்களின் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டனர். பனிக்கடலில் செல்லத்தக்க கப்பல் நம்மிடம் இல்லாமையால், 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பலை அமர்த்திக்கொண்டனர். 1982 ஜனவரி 9-ஆம் நாள் அவர்கள் அண்டார்டிகாவில் கால் பதித்தனர்.

அதன்பின் மூன்றாம் பயணக் குழுவினர் 1983-84-இல் 'தட்சிண கங்கோத்ரி' நிலையத்தை அமைத்தனர். பனி மூடிப் புதைந்துவந்ததால் பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. 1989-இல் பாறை நிலத்தில் 'மைத்ரி'யும், 2012-இல் கடற்கரையோரம் 'பாரதி'யும் எழுந்தன. மைத்ரி என்னும் சொல்லுக்கு நட்பு என்பது பொருள். அந்நிலத்தின் இயல்பை அறிந்தே பெயர் சூட்டினார்கள் போலும்!

இப்பயணங்களுக்கு அறிவியலார் மட்டுமே செல்கிறார்கள் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. மருத்துவர், சமையற்கலைஞர், மின்பணியாளர், தச்சர், வண்டி பழுதுபார்ப்போர் ஆகியோரின்றி நிலையம் ஒருநாளும் இயங்காது. கோவா மையம் அவ்வப்போது இத்தகையோருக்கும் விளம்பரம் செய்து ஆள் எடுக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த நம் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாயில் திறந்தே இருக்கிறது.

உடலும் உள்ளமும்

மங்களா மணி என்னும் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அவர் 56-ஆம் வயதில் பாரதி நிலையத்துக்குச் சென்றார். செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்திகளைப் பெறும் தரைநிலையம் அங்குள்ளது. 2016 நவம்பரில் சென்றவர் 403 நாட்கள் தங்கி, 2017 டிசம்பரில் திரும்பினார். 23 பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண். அதற்குமுன் பனிப்பொழிவையே அவர் அனுபவித்ததில்லையாம்!

அவ்வயதில் அது எவ்வாறு இயன்றது? முதலில் தில்லியில் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே சோதித்தார்கள். பின்னர் இமயத்தில் ஔலி, பத்ரிநாத் ஆகிய இடங்களில் முதுகில் கனத்த சுமையுடன் நெடுந்தூரம் நடக்கவைத்தார்கள். இது கால்வலிமையை அளப்பதற்கு மட்டும் அன்று. மூச்சு வாங்கும்போது யார் யாருக்குக் கை கொடுக்கிறார், யார் முகம் சுளிக்கிறார், யார் நகைச்சுவை கூறி மற்றவரை நடக்கவைக்கிறார் என்பதெல்லாம் அம்மலைப்பாதையில் வெளிப்பட்டுவிடும். ஓராண்டு ஒரே கூரையின்கீழ் வாழவேண்டியவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அங்கேதான். வள்ளுவர் 'நட்பு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'நட்பாராய்தல்' என்னும் அதிகாரத்தையும் வைத்துச் சென்றதன் காரணம் இதுவன்றோ?

பெட்டி கட்டும் படலம்

இனி நம் தெருவிலிருந்தே ஓர் இளைஞன் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நண்பர்கள் என்ன செய்யலாம்?

துருவத்துக்குரிய கனத்த மேலுடைகளைப் பயணக் குழுவே வழங்கிவிடும். உள்ளே அணிபவற்றில்தான் கவனம் தேவை. பருத்தி நம் ஊருக்கு ஏற்றது. அங்கோ வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடலைக் குளிரச் செய்துவிடும். ஆகவே மெல்லிய கம்பளி உள்ளுடை, அதன்மேல் வெப்பம் காக்கும் உடை, அதற்கும் மேல் காற்றுப் புகாத அங்கி என அடுக்கடுக்காக அணிதல் வேண்டும். வடநாட்டில் பணியாற்றும் நண்பர் ஒருவர் இவற்றைத் தேர்ந்து வாங்கித் தரலாம்.

பல் மருத்துவம் பயின்ற தோழன் ஒருவன் இருந்தால், பெட்டி கட்டுமுன் அவனிடம் செல்லவேண்டும். இங்கே ஒரு மாத்திரையால் தள்ளிப்போடும் பல்வலி, பல் மருத்துவர் இல்லாத இடத்தில் குளிர்காலம் முழுவதையும் நரகமாக்கிவிடும்.

அடுத்தது சற்று வியப்பானது. 1991-இல் மத்ரித் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, அயல்நாட்டு மண்ணோ, விதையோ, பூச்சியோ அண்டார்டிகாவில் நுழைதலாகாது. நாவலூர்க் காலிமனைகளில் நடந்த கால்சட்டையின் மடிப்பில் ஒட்டுப்புல்லின் விதை இருக்கும். காலணியின் அடியில் மண் இருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அகற்றுதல் தனி ஒருவனுக்குச் சலிப்பூட்டும் வேலை. நான்கு நண்பர்கள் கூடி உட்கார்ந்து, பையின் தையலையெல்லாம் பிரித்துப் பார்த்துத் துலக்கிக் கொடுத்தால், அதுவே ஒரு திருவிழா மாலையாகிவிடும். அப்போது அன்னை இடித்துக் கொடுக்கும் பருப்புப்பொடிக்கும் குழுவின் அனுமதி கேட்டு ஓர் இடம் ஒதுக்கலாம்.

இவையெல்லாம் எளிய உதவிகளே. கடினமானது வேறொன்று.

வீட்டில் இருப்போர்

குளிர்காலம் தொடங்கியதும் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடல் உறைந்துவிடும், கப்பல் அணுகாது. மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் எழுவதே இல்லை. அக்காலத்தில் ஊரில் தந்தை நோயுற்றாலும், ஏன், மறைந்தே போனாலும், மகன் வந்து சேர இயலாது. இது கசப்பான உண்மை. இதனைச் சொல்லாமல் மறைத்துவிட்டுப் புறப்படுபவன் தன் வீட்டுக்கும் தனக்கும் தீங்கு செய்கிறான்.

ஆகவே, புறப்படுமுன் ஒருநாள் பெற்றோரையும் மனைவியையும் நெருங்கிய நண்பர்களையும் ஒன்றாக அமரவைத்துப் பேசவேண்டும். நிலவரி, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைப் பார்ப்பவர் யார்? பவர் பத்திரம் யார் பெயரில்? அன்னையின் இரத்த அழுத்த மாத்திரை தீருமுன் வாங்கித் தருபவர் யார்? நள்ளிரவில் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுபவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடவேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பதே பொருள்.

தொலைபேசியும் இணையமும் இந்நாளில் அங்கும் எட்டியுள்ளன. குரல் வரும், முகமும் தெரியும். ஆனால் குரல் ஒரு குவளை வெந்நீர் வைத்துத் தராது. அதற்குப் பக்கத்துவீட்டுக்காரரே வேண்டும்.

கண்ணாடி பிடித்த கை

மைத்ரியிலிருந்து சில கி.மீ. தொலைவிலேயே நோவோலாசரெவ்ஸ்காயா என்னும் உருசிய நிலையம் உள்ளது. 1961-இல், அது தொடங்கிய முதற்குளிர்காலத்தில், அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகசோவ் என்னும் 27 வயது இளைஞர். ஏப்ரல் இறுதியில் அவருக்கே குடல்வால் அழற்சி கண்டது. வேறு மருத்துவர் இல்லை. விமானம் வர வழியில்லை. ஏப்ரல் 30 இரவு அவர் தம் வயிற்றைத் தாமே கீறி, ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் அறுவை செய்து, அழற்சியுற்ற குடல்வாலை அகற்றினார். இரண்டு வாரத்தில் பணிக்கும் திரும்பினார்.

உலகம் அவருடைய மனத்திண்மையைப் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ஆனால் அவ்வறையில் வேறு கைகளும் இருந்தன. வானிலை ஆய்வாளர் ஒருவர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். இயந்திரப் பணியாளர் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். நிலையத் தலைவரோ, அவ்விருவருள் எவரேனும் மயங்கி விழுந்தால் அவ்விடத்தில் நிற்பதற்கென ஆயத்தமாயிருந்தார். அவர்களுள் எவரும் மருத்துவம் பயின்றவரல்லர். எதைச் செய்யவேண்டும் என்பதை ரோகசோவ் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். கண்ணாடியைப் பிடித்த கை நடுங்கியிருந்தால் கத்தி பிடித்த கை என்ன செய்திருக்கும்?

மறைத்த நோய்

தனிமையை விரும்பிச் சென்றவரின் கதையும் உண்டு. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்டு பைர்டு 1934 மார்ச்சு முதல், தம் குழுவின் முதன்மைப் பாசறையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், பனிக்குள் புதைந்த ஒரு குடிலில் தன்னந்தனியே தங்கி வானிலையைக் குறித்துவந்தார். அடுப்பும் வானொலிக்குரிய இயந்திரமும் கக்கிய நச்சுவாயு, காற்றுப்போக்கு இல்லாத அச்சிற்றறையில் சேர்ந்து அவரை மெல்ல மெல்லக் கொல்லத் தொடங்கியது.

அவர் அதனை நண்பர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் குளிர்கால இருளில் தம்மை மீட்கப் புறப்பட்டு அவர்கள் மடிந்துபோவார்களோ என்று அஞ்சினார். ஆயினும் அவர் வானொலியில் தட்டிய குறிகள் தடுமாறுவதைப் பாசறைத் தோழர்கள் கவனித்தார்கள். செய்தி நலமென்றது, கையோ நலமில்லை என்றது. மூவர் இழுவை வண்டியில் புறப்பட்டு, இருமுறை திரும்ப நேர்ந்தும் தளராமல், ஆகஸ்டு மாதம் அவரை அடைந்தனர். அவர் பிழைத்தார்.

'நான் நலமாக இருக்கிறேன்' என்னும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்பவன் அறிமுகமானவன். அச்சொல்லின் நடுக்கத்தைக் கேட்பவன் நண்பன். ஆதலால் புறப்படுபவன் தன் நண்பருக்கு ஒரு வாக்குறுதி தரவேண்டும்: 'துன்பம் வந்தால் மறைக்கமாட்டேன்' என்பதே அது. வீட்டில் இருப்போரும் அதே வாக்குறுதியை அவனுக்குத் தரவேண்டும். 'பாவம், தொலைவில் இருக்கிறான்' என்று நல்ல செய்தியை மட்டுமே சொல்லிவரும் அன்னைமார் இதனை எண்ணிப்பார்ப்பார்களாக.

படகுகளின் பெயர்

எர்னெஸ்ட் ஷாக்கில்டன் 1914-இல் அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். பணம் போதவில்லை. செல்வர்கள் கொடுத்தார்கள், இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளும் வண்டி இழுக்கும் நாய்களுக்கென்று காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பெருங்கொடை தந்த மூவரின் பெயரைத் தம் கப்பலின் மூன்று படகுகளுக்கும் அவர் சூட்டினார். அவற்றுள் ஒன்று 'ஜேம்ஸ் கேர்டு'. கேர்டு என்பவர் டண்டி நகரின் சணல் ஆலை முதலாளி. அந்நகரின் ஆலைகள் நம் வங்காளத்துச் சணலைக்கொண்டே ஓடியவை.

'எண்டியூரன்ஸ்' என்னும் அக்கப்பல் பனியில் சிக்கி நொறுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் மூன்று படகுகளில் எலிபெண்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷாக்கில்டனும் ஐவரும் 'ஜேம்ஸ் கேர்டு' படகில் ஏறத்தாழ 1,300 கி.மீ. கொந்தளிக்கும் கடலைக் கடந்து, 1916 மே மாதம் தெற்கு ஜார்ஜியா தீவைச் சேர்ந்தனர். தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்டு 30 அன்று சிலி நாட்டுச் சிறுகப்பல் ஒன்றினால் மீட்கப்பட்டனர். அந்த 28 பேரில் ஒருவரும் மாளவில்லை.

கப்பல் போயிற்று, பயணத்தின் நோக்கமும் போயிற்று. எஞ்சியது நண்பரின் பெயர் தாங்கிய ஒரு படகு. உதவி செய்தவர் தம் உதவி எவ்வாறு பயன்படும் என்பதைக் கனவிலும் அறிந்திருக்கமாட்டார். உதவி என்பதன் இயல்பே அதுதான்.

நாவலூருக்குத் திரும்புவோம்

நாவல் மரத்தைப் பெயரில் தாங்கிய நம் ஊர், வயல்களின் காலத்தைக் கடந்து இன்று விண்ணை முட்டும் அடுக்குமாடிகளின் ஊராகிவிட்டது. அவ்வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காண்பதென்ன? மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில். பன்னிரண்டாம் மாடியில் முதியோர் இருவர். எதிர்வீட்டுக்காரரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பெயரும் எதிர்வீட்டாருக்குத் தெரியாது. இரண்டு கதவுகளும் பூட்டப்பட்டிருக்கின்றன. தொலைபேசியில் மகன் கேட்கும்போது, 'நலமாக இருக்கிறோம்' என்கிறார்கள். துருவம் போகாமலேயே நம்மிடையே பனி சூழ்ந்துவிட்டது!

பிள்ளைகள் தொலைவு செல்வதைக் குறை கூற நாம் வரவில்லை. செல்லட்டும், கற்கட்டும், கடலடியையும் பனிமலையையும் ஆராயட்டும். ஆனால் ஒருவன் துணிந்து செல்வதற்கு, ஒருவர் அவன் வீட்டருகே இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். செல்பவனின் பெருமையில் இருப்பவருக்கும் பங்குண்டு; பொறுப்பும் உண்டு.

அன்பான குடும்பத்தினரே, இம்மாதம் ஒரு சிறு செயலைச் செய்துபாருங்கள். உங்கள் மாடியிலோ தெருவிலோ பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் வீடு ஒன்றின் கதவைத் தட்டுங்கள். உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். "நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்தச் சிறுவனை அடுத்த ஞாயிறன்று கண்டு இவ்வாறு விடை சொன்னோம்: "தம்பி, கம்பளிச் சட்டை கடையில் கிடைக்கும். நீ போனபின் உன் அம்மாவை வந்து பார்க்கும் நண்பர்கள் நால்வரை இப்போதே தேடிக்கொள். அதற்குமுன், நீ யாருக்கு அப்படிப்பட்ட நண்பன் என்பதையும் யோசித்துக்கொள்." அவன் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "எங்கள் மாடியில் ஒரு தாத்தா தனியாக இருக்கிறார், சாமி" என்றான்.

பயணத்துக்கான ஆயத்தம் தொடங்கிவிட்டது என்று நாம் அறிந்துகொண்டோம்.